18,600 ரூபாய் போச்சு: என்கோடர் மோட்டார் வாங்குகிறவர்கள் கவனம்

நேற்று இரவு முழுக்க நித்திரை இல்லை. 18,600 ரூபாய். என்கோடர் (மோட்டார் எவ்வளவு, எந்தப் பக்கம் சுற்றியது என்று துடிப்புகளால் காட்டும் பாகம்) பூட்டிய கியர் மோட்டார் நாலு. உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் பாத்தி வழியே போய் மருந்தடித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஒரு சின்ன வண்டிக்காக வாங்கினேன். காசு அப்பாவுடையது, வெங்காயம் விற்ற காசு.

விற்றது இணையத்தில் எலக்ட்ரோனிக்ஸ் சாமான் விற்கும் ஒரு பக்கம். நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. என்கோடரிலிருந்து துடிப்பு வரும் இரண்டு வயர்களைத்தான் ஏ, பி சனல் என்பார்கள். இரண்டு தரம் கேட்டேன்: "ஏ, பி ரெண்டு சனலும் வேலை செய்யுமா? எனக்குத் திசை தெரிய வேணும்." "ஓம் அண்ணை, நான் செக் பண்ணித்தான் அனுப்புறனான்" என்று குரல்பதிவு வந்தது. கூடவே மோட்டார் சுற்றச் சுற்ற எண் ஏறுகிற ஒரு வீடியோ. அந்தக் குரலை நம்பி அன்றைக்கே முழுக் காசையும் வங்கியில் போட்டேன்.

பார்சல் கொழும்பு பஸ்ஸில் வந்தது. வயர் ஆறும் இருந்தன. ஏ, பி இரண்டையும் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டின் 2, 3 பின்களில் கொடுத்தேன். வேகம் சரியாகவே காட்டியது. அதுதான் ஏமாற்றிவிட்டது. வேகத்துக்கு ஒரு சனலின் துடிப்பை எண்ணினாலே போதும். திசைக்குத்தான் இரண்டாவது வேண்டும்: இரண்டும் 90 பாகை தள்ளி வரும், எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று பிடிக்கலாம். என் மோட்டாரில் பின்னால் உள்ள காந்தத்தட்டு ஒரு சுற்றுக்கு 11 துடிப்பு, அது 34 தரம் சுற்றினால்தான் கியர் வழியே தண்டு ஒரு தரம் சுற்றும், ஆகவே ஏ-யின் ஏற்றத்தை மட்டும் எண்ணினால் தண்டு ஒரு சுற்றுக்கு 374. முன்னால் ஒரு சுற்று விட்டேன், 374. பின்னால் ஒரு சுற்று விட்டால் பூச்சியத்துக்கு வரவேண்டும். 748 காட்டியது. நாலு மோட்டாரிலும் அதே கதை.

விற்றவரிடம் சொன்னேன். "உங்கட கோட் பிழை." கோட் மாற்றினேன். "புல்-அப் போடுங்கோ." சனல் வயரை மின்வழங்கலோடு இணைக்கும் அந்தத் தடையையும் போட்டேன். "வேற போர்டில பாருங்கோ." பார்த்தேன். மூன்று நாள் இப்படியே போனது.

கடைசியில் பின்பக்கக் கறுப்பு மூடியைக் கழற்றினேன். உள்ளே காந்தத்தை உணரும் ஹால் சென்சருக்கு, ஏ-க்கு ஒன்று பி-க்கு ஒன்று என்று இரண்டு இடம். ஒன்றில்தான் சென்சர் இருக்கிறது. மற்றதில் மூன்று துளையும் வெறுமை. பி வயரை ஒரு மெல்லிய கம்பியால் ஏ-யோடு இணைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள். சுற்றியிருந்த ஈயமெல்லாம் மங்கிக் கிடக்க, அந்த ஒரு பொட்டு மட்டும் புதுசாகப் பளபளக்கிறது. இது யாரோ தெரிந்தே கையால் செய்த வேலை.

படம் எடுத்து அனுப்பினேன். "கழட்டினா வாரண்டி இல்லை அண்ணை." அதற்குப் பிறகு பதிலே இல்லை. 18,600 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். இரண்டு பக்கமும் சுற்றி, எண் ஏறி இறங்குகிற வீடியோ கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே படம் பிடியுங்கள். முழுக் காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள்.

இன்று காலையும் அந்தப் பக்கத்தில் அதே மோட்டார், அதே வீடியோ. ஒரு பக்கம்தான் சுற்றுகிறது.