துக்க வீட்டுக்கு வரும் நர்ஸ்: 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் ஐஸ் பெட்டி, சாமியானா வாடகைக்கு விடும் கடை ஒன்று, கேட்டால் நர்ஸையும் அனுப்புகிறது. காரியத்துக்குள் மூன்று நடை, 1,500 ரூபாய். புருஷனைப் பறிகொடுத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பிரஷர், சுகர் பார்ப்பது, மாத்திரையைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான் வேலை.

சுகர் விஷயத்தில் இந்தக் கடை நர்ஸ்கள் கெட்டிக்காரர்கள். சோறு இறங்காத நாளிலும், சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை யாராவது கொடுத்துவிடுவார்கள். சாயந்திரம் வேர்த்து, கை நடுங்கிச் சாய்ந்தால், "துக்கம் தாங்கல" என்று சொந்தம் முடிவுகட்டிவிடும். நர்ஸ் முதல் நடையிலேயே சொல்லிவிடுகிறார்: 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோட்டை விடுவது பிரஷரில். சம்மணம் போட்டபடி, பக்கத்தில் ஒப்பாரி ஓடும்போது பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில், ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்த பிறகே பார்க்க வேண்டும். நாற்காலி கூடாது என்று பெரியம்மாக்கள் சண்டைக்கு வந்தால் உள்ரூமில் வைத்துப் பார்க்கலாமே!

துக்கச் சடங்கே உடம்பைப் படுத்துவது நம் ஊரில் மட்டுமல்ல. நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களிடம் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். கைம்பெண்ணுக்குத் தலை மழிப்பது, தரையில் இருத்துவது, பல நாள் குளிக்க விடாதது, 28 நாள் வரை வெளியே அனுப்பாதது, ஒரு வருஷம் துக்க உடை. பலருக்கு ஓடிய பிளேடென்றால் ஹெபடைடிஸ் பி, எச்ஐவி பயம். குளியல் இல்லாததால் தோல் புண். வெளியே போகாததால் மருந்து நின்றுபோகும். எனுகு மாநிலம் 2001-லும், நாட்டின் மத்திய அரசு 2015-லும் இந்தக் கொடுமைக்கு எதிராகச் சட்டம் போட்டன. நம் பக்கம் பிளேடுக்குப் பதில் வளையல் கண்ணாடி. சுகர்காரர் மணிக்கட்டில் சின்னக் கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, டிடி ஊசி பாக்கி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இது இவர்கள் பட்டியலிலேயே இல்லை.

கடைசி நடையைப் பதினாறாம் நாளில் வைக்கிறார்கள், சுத்த வீண். வீடு நிறைய ஜனம், கோடிச் சேலை, அழுகை. யார் கை நீட்டுவது? மறுநாள் காலைக்குத் தள்ளச் சொல்லுங்கள், மணிக்கட்டையும் பார்த்துவிடலாம். நர்ஸ் கேட்கும் கேள்வியெல்லாம் மச்சினரிடம் போகிறது. அந்த அம்மாவிடமே கேட்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் நர்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குத் தனிக் காசு. வீட்டில் மீட்டர் இருந்தால் அதையே கொடுங்கள்.