கொசுத்தேனீயை நெருங்க எந்த லென்ஸ்?

காவிரிப் பாசனக் கிராமங்களின் கொல்லைகளில் தேனீ, எறும்பு, சிலந்தி முதலியவற்றை நெருங்கிப் படமெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று கருவிகளுக்கிடையே தடுமாறுகிறார்கள்: மேக்ரோ லென்ஸ், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தும் நீட்டிப்புக் குழாய், லென்ஸின் முகப்பில் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். எது கூர்மையானது என்பதைவிட, பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு தூரம் மிஞ்சுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பூச்சியின் உண்மையான அளவே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழும் 1:1 உருப்பெருக்கத்தில், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஏறத்தாழ 14 செ.மீ. இடைவெளி தருகிறது. முருங்கைப் பூவை மொய்க்கும் தச்சுத்தேனீக்கு இது தாராளம். ஆனால் பழைய மண்சுவரின் பொந்தில் குடியிருக்கும், கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீயின் நீளம் சுமார் 4 மி.மீ. மட்டுமே என்பதால், 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அது ஒன்பதில் ஒரு பங்கையே நிரப்பும். கொடுத்த விலைக்கு இது ஏமாற்றமே.

நீட்டிப்புக் குழாயில் கண்ணாடியே இல்லை, அதனால் மலிவு. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் மேல் மி.மீ.யில் குறித்திருக்கும் எண்ணால்) வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் தெரிந்துவிடும்: 50 மி.மீ. லென்ஸில் 12, 20, 36 மி.மீ. குழாய்களைச் சேர்த்து மாட்டினால் 1.36 மடங்கு. இடைவெளியோ சில சென்டிமீட்டராகச் சுருங்கி, லென்ஸின் நிழலே தேனீயின் மேல் விழுகிறது. குழாயை மாற்றும்போதெல்லாம் லென்ஸைக் கழற்ற வேண்டும். தை மாதத்தில் களத்துத் தூசு பறக்கும் ஊரில் சென்சாருக்கு அது நல்லதல்ல.

கையில் ஏற்கெனவே 200 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் இருந்தால், 8 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) குளோஸ்-அப் லென்ஸையே நான் பரிந்துரைப்பேன். ஜூமை 200 மி.மீ.க்கு நீட்டி, முடிவிலியில் (வெகு தொலைவுக்கு) குவித்தால் 1.6 மடங்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளியும் கிடைக்கும், வாய்க்கால் கரையில் மீன்கொத்தி வந்து அமர்ந்தால் நொடியில் கழற்றிவிடலாம். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் நிறம் பிரியும் என்பதால், இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்ததையே வாங்க வேண்டும். அப்போதும் படத்தின் மூலைகள் சற்றுக் குழைந்தே இருக்கும். பூச்சி நடுவில் இருக்கும் வரை அது உறுத்துவதில்லை.

இந்த உருப்பெருக்கத்தில், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி) ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆகவே பூவில் அலையும் கொசுத்தேனீயைத் துரத்துவதைவிட, பிசினும் மெழுகும் கலந்து கட்டிய அதன் வாயிற்குழலின் விளிம்பில் தலைநீட்டி நிற்கும் காவல் தேனீக்களின் மேல் குவித்துவிட்டு, ஒளியைப் பரப்பும் வெள்ளைத்தாள் கட்டிய ஃபிளாஷுடன் காத்திருப்பது பலன் தரும்.