பரணில் கிடக்கும் பழைய ஃப்ளேரை என்ன செய்வது? தூத்துக்குடிப் பயணக் குறிப்பு

கப்பலில் வேலை பார்த்த ஆள் இருக்கும் வீட்டில், பரணிலோ பீரோ மேலேயோ ஃப்ளேர் ஒன்று, அதாவது கடலில் ஆபத்து என்றால் கொளுத்திக் காட்டும் சிக்னல் குழாய், கிடக்க வாய்ப்புண்டு. கப்பலில் தேதி முடிந்ததும் புதுசு மாற்றிவிடுவார்கள். பழசு 'நம்ம படகுக்கு ஆகும்' என்று ஊருக்கு வந்துவிடும். லீவுக்கு வருகிறவரிடம்தான் வீட்டில் கேட்பார்கள், "தம்பி, இதை என்ன செய்ய?"

குழாயைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குத் தயாரித்த நாளிலிருந்து 3 வருடம், கனடாவில் 4. தேதி போனபின் பற்றாமல் போவதைவிட, பற்றினால் தாறுமாறாகப் பற்றுவதுதான் பயம். சிவப்பு ஃப்ளேரில் மக்னீசியத் தூளும் ஸ்ட்ரான்சியம் உப்பும் இருக்கும். சீல் விட்டு ஈரக்காற்று உள்ளே போனால் மக்னீசியம் ஹைட்ரஜனை வெளிவிட்டுக் குழாயை உப்பவைக்கும். அப்படிக் கெட்ட கைஃப்ளேரை (கையில் பிடித்தபடி எரிப்பது) கொளுத்தினால் பக்கவாட்டில் பிய்ந்து, உருகிய கசடு கையில் விழலாம். வானில் ஏறிப் பாராசூட்டில் தொங்கி எரியும் ராக்கெட் வகையில் பாராசூட் விரியாவிட்டால் எரிந்துகொண்டே யார் வீட்டுக் கூரையிலாவது இறங்கும். குழாய் உப்பியிருந்தாலோ, பொடி கசிந்திருந்தாலோ, மூடி துருவேறியிருந்தாலோ தொடவே வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போன் செய்யுங்கள் (யாருக்கு என்பது கீழே).

ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், "வாளித் தண்ணியில ஊறப்போடு". பட்டாசுக்கு அது சரி, இதற்கு ஆகாது. தண்ணீருக்கடியில் 100 மில்லிமீட்டர் ஆழத்தில் 10 விநாடி முக்கினாலும் அணையாமல் எரிய வேண்டும் என்பதே கைஃப்ளேருக்கான சர்வதேச விதி. தண்ணீர் புகாதபடி செய்த பொருளை ஊறவைத்து என்ன ஆகப்போகிறது? அறுத்துப் பொடியைக் கொட்டலாம் என்கிற யோசனை இன்னும் மோசம்.

தீபாவளிக்குக் கடற்கரையில் விட்டுப் பார்க்கலாம் என்பவர்களும் உண்டு. பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் ஏறி, 40 விநாடி எரியும். அதைக் கடலில் இருந்து பார்ப்பவர் யாரோ முழுகுகிறார் என்றுதான் படகைத் திருப்புவார். ஆபத்தில்லாதபோது இந்தச் சைகையைக் காட்டக் கூடாது என்று 1972 கடல் மோதல் தடுப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கடலில் எறிவதும் ஆகாது. வலையில் சிக்கி அடுத்த படகுக்காரர் கைக்குத்தான் போகும்.

சரி, யாரிடம் கொடுப்பது? கனடாவில் படகுக்காரர் சங்கங்கள் நாள் குறித்து வாங்கிக்கொள்கின்றன. அந்த நினைப்போடு ஊரில் அப்படி வாங்கும் இடம் தேடி அலைய வேண்டாம். குப்பை வண்டியில் போட்டால் அமுக்கும் இயந்திரத்தில் பற்றிக்கொள்ளும். உள்ளூர் போலீஸுக்கோ தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ சொன்னால், வெடிபொருள் அகற்றும் பிரிவுக்குத் தகவல் போக வழி உண்டு. 1554 கடலோரக் காவல்படையின் ஆபத்து எண். இதற்காக அதை அடிக்காதீர்கள். போனில் 'வெடிகுண்டு' என்ற சொல்லை மறந்தும் சொல்லாதீர்கள். தெருவே காலியாகிவிடும். "கப்பல் சிக்னல் ஃப்ளேர், காலாவதி, இத்தனை உருப்படி, உப்பவில்லை" என்று சொல்லி, லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். லேபிளில் யு.என். 0191, 0195, 0373 மாதிரி எண் ஒன்று (எந்த வகை ஆபத்துப் பொருள் என்று காட்டும் ஐ.நா. எண்) இருக்கும், அதையும் படித்துச் சொல்லுங்கள். அது தெரிந்தால் வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. 'எப்படி வந்தது?' என்று நிச்சயம் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

நீங்களே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும். ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டம் 1989, 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் அறவே கூடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரருக்குப் பரிசாக எடுத்து வரும் எண்ணமிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

உப்பல், கசிவு, துரு எதுவும் இல்லாத குழாய் என்றால், ஆள் வரும்வரை மூடியைத் திருகாமல், பழைய உறை இருந்தால் அதிலேயே போட்டு, அடுப்பங்கரைக்கும் வெயில் படும் ஜன்னலுக்கும் தள்ளி, காய்ந்த நிழலில் வையுங்கள். பூட்டிய காருக்குள் வேண்டாம், மே மாத வெயிலில் அது அடுப்பு.

மச்சான் படகுக்குப் புதுசு வாங்கித் தருவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன்பே "பழசை எடுத்துக்கிடுவீங்களா?" என்று கடையில் கேளுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடை. ரப்பர் உயிர்காப்புத் தெப்பம் இருந்தால் அதற்குள் மடித்திருக்கும் ஃப்ளேர்களையும் மறக்க வேண்டாம். சர்வீஸுக்குத் திறக்கும்போது தேதி பார்த்து அங்கேயே மாற்றிவிடுவார்கள். பழசை 'நினைவுக்கு' என்று வீட்டுக்குக் கேட்டு வாங்காமல் இருந்தால் போதும்.