மண்டபம் ரோட்டு கால்பந்து அகாடமி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மருமகனை எடுக்காத வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்பார்கள். எடுத்தார்கள், இரண்டாம் வரிசையான பி பேட்ச்சில்.

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது, பெயர் வேண்டாம். மைதானத்தைச் சுற்றி ஒரு கருவேல முள் இல்லாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பந்து பஞ்சர் ஆகாமல் ஒரு வாரம் ஓடினாலே பெரிய விஷயம், அதனால் இதற்கே ஒரு நட்சத்திரம். பூட்ஸ் வாங்க முடியாத பிள்ளைக்குப் பழைய ஜோடி எடுத்துக் கொடுக்கிறார்கள். யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டுவதில்லை. சேரும்போது 1,500 ரூபாய், மாதம் 700. ராமநாதபுரம் டவுனோடு ஒப்பிட்டால் அதிகம் என்று சொல்ல முடியாது.

சேர்த்தது என் அக்கா மகனை. மச்சான் விசைப்படகில் போகிறவர். இங்கே விசைப்படகு திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்பும். செலக்‌ஷன் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என்றார்கள். மச்சான் அந்த நேரம் மீன் இறக்கிக்கொண்டிருப்பார். அப்புறம் என்ன, தாய்மாமன் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டிப்போனேன். நானும் காலேஜ் டீமில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டம், ஆடியவன், ஒரு செலக்‌ஷன் எப்படி நடக்கும் என்று ஓரளவு தெரியும்.

அங்கே நடந்ததைப் பாருங்கள். கோல் போஸ்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். 13 வயதுக்குட்பட்ட பையன்கள் ஒவ்வொருவராகப் போய் போஸ்ட்டில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். கோட்டுக்கு மேலே தலை தெரிந்தால் வலது பக்கம், தெரியாவிட்டால் இடது பக்கம். ஒரு பொடியன் குதிகாலைத் தூக்கி நின்றான். அசிஸ்டென்ட் கோச் அவன் தோளைப் பிடித்து அமுக்கினார், எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை பந்தை யாரும் வெளியே எடுக்கவே இல்லை.

வலது பக்கத்துப் பையன்களுக்கு வெயில் ஏறுமுன் முதல் மேட்ச். இடது பக்கத்துக்குப் பத்து மணிக்கு மேல். ஆடி மாதம், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிறது. மேற்குப் பக்கத்துக் கோலைப் பார்த்து ஆடிய டீமுக்குக் காற்று நேராக முகத்தில். எங்கள் பையன் அந்த டீம். தூக்கி அடித்த பந்தெல்லாம் பாதி வழியில் நின்று திரும்பி வருகிறது. மொத்தம் இருபது நிமிட ஆட்டம், பாதியில் பக்கம் மாற்றவே இல்லை. நான் போய் கேட்டேன். "டைம் இல்லண்ணே, ஆடுறவன் எந்தக் காத்துலயும் ஆடுவான்" என்றார் அசிஸ்டென்ட். அப்படியென்றால் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மூன்று கோல் போட்ட பையனை ஏன் உடனே டிக் அடித்தீர்கள்? ஜெர்சிக்கு மேல் மாட்டுகிற பிப்பில் நம்பரும் கிடையாது. அவர் நோட்டை எட்டிப் பார்த்தேன்: "ரெட் ஜெர்சி, நல்ல ஹைட்." சிவப்பு ஜெர்சியில் அன்றைக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

உயரம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் உயரம் எதைக் காட்டுகிறது? வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. எங்கள் பையன் நவம்பர். இங்கிலாந்தில் கணக்கு செப்டம்பரில் தொடங்கும், அங்கே அகாடமிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள்தான் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் வந்துவிட்டன. மாதத்துக்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம்? மீசை முந்தி முளைத்தவனை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய அளவில் தனி டீம் வைத்திருக்கிறார்கள். குரோஷியாவின் மோட்ரிச்சைப் பொடியன் என்று சொல்லி அந்த ஊர் கிளப் ஹைதுக் ஸ்ப்ளிட் திருப்பி அனுப்பியது, 2018-இல் அவர் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கினார். சரி, குட்டையான மருமகனை வைத்திருக்கிற எல்லா மாமனும் இந்த மோட்ரிச் கதையைச் சொல்வான். இருந்தாலும் கதை உண்மைதானே.

வயசு சர்டிபிகேட் விஷயம் இன்னும் மோசம். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று போதும் என்றார்கள், ஒரிஜினல் பார்க்கவில்லை. ஏ பேட்ச்சில் நடுத் தடுப்பில் நிற்கிற ஸ்டாப்பர் ஒருவன் ஷேவ் பண்ணிவிட்டு வருகிறான். தேசியப் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள், அதிலும் முன்னே பின்னே வரும். அந்த அளவுக்கெல்லாம் இவர்களை நான் கேட்கவில்லை, பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் போதும்.

சேர்ந்த பிறகு பயிற்சி எப்படி? வாசல் பேனரில் போட்டோ போட்டிருக்கும் கோச்சிடம் லைசென்ஸ் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் ஏ பேட்ச்சோடு சரி. பி பேட்ச்சுக்கு ஒரு காலேஜ் பையன் வருகிறான், நல்ல பையன்தான், ஆனால் அவனுக்குத் தெரிந்தது பிளாஸ்டிக் கோன் வைத்துச் சுற்றி ஓடவிடுவது மட்டும். வரிசையாக எட்டு கோன், ஒரு பந்து, பின்னால் பதினாறு பையன்கள் க்யூ. ரேஷன் கடையில்கூட க்யூ இதைவிட வேகமாக நகரும். ஓரமாக ஒரு வலையில் பத்துப் பன்னிரண்டு பந்து கட்டிக் கிடக்கிறது, மேட்ச்சுக்கு வைத்திருக்கிறார்களாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்கள் ஆடுகிற 5-ஆம் அளவு பந்துதான். அந்த வயதுக்கு 4-ஆம் அளவு என்பது பந்து விற்கிற கடைக்காரருக்கே தெரியும்.

பையன் இடதுகாலில் நன்றாக வெட்டுவான். இடது ஓரமாக முன்னேறித் தாக்குகிற லெஃப்ட் விங்கில் விட்டால் வேலை செய்வான். இவர்கள் வலது பக்கத் தடுப்பில், ரைட் பேக்கில் போட்டார்கள். ஏன் என்றால் அங்கே ஆள் இல்லையாம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், முழங்கால் விஷயத்தை விட முடியாது. வாரத்தில் இரண்டு நாள் கடற்கரை மணலில் ஓட்டம், கால் உறுதியாகும் என்று. பையனுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்க ஆரம்பித்தது. "ஓடு, தானாச் சரியாகிடும்" என்றார்கள். ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். வளர்கிற வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால்தான் வலி அடங்கும் என்றார். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர், ஓடி ஆடும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதாம். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த வாரம் அட்டெண்டன்ஸ் குறைவு என்று சனிக்கிழமை மேட்ச்சில் வெளியே உட்காரவைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் இந்த வலியைக் கண்டதும் தெரிய வேண்டாமா?

இன்னொன்று, மே மாத கேம்ப். 3,000 ரூபாய், கட்டாயம். கட்டாதவனுக்கு ஜூனில் ஏ பேட்ச் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அரசு கொடுக்கிற நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். பாம்பன், தங்கச்சிமடம், வேதாளையிலிருந்து வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அதுதான் வருமானம். இந்தக் கரையில் அகாடமி நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. தவணையாகக் கட்டுகிறேன் என்று அக்கா கேட்டதற்கு, எல்லோருக்கும் ஒரே ரூல் என்று பதில்.

பிள்ளை 7-ஆம் வகுப்புக்குப் போகிறான் என்றால், காசு கட்டுமுன் மாவட்ட விளையாட்டரங்கத்தில் அரசு விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பள்ளிக்கூடத்து பி.இ.டி. சார்களையும் குறைவாக எடைபோட வேண்டாம். எங்கள் பையனின் சார் எட்டு எட்டுப் பேராகப் பிரித்துச் சின்ன மைதானத்தில் ஆடவிடுகிறார். க்யூவே கிடையாது, எல்லோர் காலிலும் பந்து படுகிறது.

ஒரே விதிவிலக்கு கீப்பர். சனிக்கிழமை மாலை கீப்பர்களுக்கென்று ஒரு அண்ணன் வருகிறார், சம்பளம்கூட வாங்குவதில்லை என்று கேள்வி. அவர் முதல் வேலையாகப் பையன்களை உட்காரவைத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழக் கற்றுக்கொடுக்கிறார். அப்புறம் முட்டி போட்டு, அப்புறம் நின்று. பயந்த பிள்ளையிடம் பந்தைக் கையால் உருட்டிவிடுகிறார். உயரம் பார்ப்பதே இல்லை. உங்கள் பிள்ளை கீப்பர் என்றால் தாராளமாகச் சேருங்கள். சேருமுன் அந்த அண்ணன் இன்னும் வருகிறாரா என்று மட்டும் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி சமயத்தில் இரண்டு வாரம் காணோம்.