‘21 நாளில் 6 கிலோ’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எடை குறைக்கும் மையம் ஒன்றில் சேர்ந்து பணத்தையும் இழந்து உடம்பையும் கெடுத்துக்கொண்டேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் நடக்கும் இடங்கள் இன்னும் இருக்கும். பெயரைவிட அந்த முறையைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் எடை 84 கிலோவில் நின்றுவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். அந்த நேரத்தில்தான் போனில் விளம்பரம் வந்தது: 21 நாளில் 6 கிலோ, உடற்பயிற்சி வேண்டாம், பக்கவிளைவு கிடையாது. நேரில் போனேன். ஆலோசகர் என்று ஒரு பெண் அரை மணி நேரம் பேசினார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், என்ன வேலை பார்க்கிறேன், பிரஷர் உண்டா, வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறேனா, இதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. “நீங்க எதையும் யோசிக்காதீங்க மேடம், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்றார். அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்டினால்தான் தள்ளுபடி என்றார்கள். கட்டிவிட்டேன்.

காலையும் இரவும் பவுடர் கரைத்த பானம், மதியம் மட்டும் கொஞ்சம் சாப்பாடு, தினம் இரண்டு ‘மூலிகை’ கேப்சூல், வாரம் மூன்று நாள் வயிற்றில் சூடான பெல்ட். இதுதான் மொத்தத் திட்டம்.

முதல் வாரமே 3 கிலோ குறைந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனேன். அப்போது எனக்குத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். ஒரே வாரத்தில் 3 கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் நாளுக்கு 3,300 கலோரி குறைய வேண்டும். நான் ஒரு நாளில் சாப்பிடுவதே அவ்வளவு இருக்காது. அப்படியானால் குறைந்தது எது? பெரும்பகுதி தண்ணீர். நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து அரைக் கிலோ அளவுக்குச் சேர்ந்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டினி போட்டால் முதலில் கரைவது அதுதான். பழையபடி சாப்பிட்டதும் இரண்டு மூன்று நாளில் எடை திரும்பிவிடும்.

அதைவிடக் கசந்தது பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் ஓர் அட்டையில் தேதி, நேரம், எடை மூன்றையும் எழுதித் தருவார்கள். சேர்ந்த நாளின் நேரம் மாலை 6.40. சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த பதிவுகள் அத்தனையும் காலை 7 மணிக்கு, வெறும் வயிற்றில். “காலையில பார்த்தாதான் சரியா காட்டும்” என்று சொல்லியே வரவழைத்தார்கள். ஒரே நாளில், ஒரே ஆளுக்கு, காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். ‘குறைந்தது’ என்று அவர்கள் காட்டியதில் ஒரு பங்கு அந்த முதல் நாள் மாலையிலேயே தயாரானது.

இரண்டாவது வாரம் தூக்கம் போயிற்று. வாய் வறண்டது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிப்பது காதில் கேட்கும். சொன்னேன். “உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி” என்றார்கள். நம்பி இன்னும் ஒரு வாரம் சாப்பிட்டேன். 21-ஆம் நாள் அட்டையில் 5.8 கிலோ குறைவு என்று எழுதி, என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

22-ஆம் நாள் என்ன சாப்பிடுவது என்று கேட்டேன். அதற்குத் தனி பேக்கேஜாம், தனிப் பணமாம். என்னால் முடியாது என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. திடீரென்று எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி முடி கொட்டும் என்று டாக்டர் விளக்கினார். நாடித்துடிப்பையும் பிரஷரையும் பார்த்துவிட்டு, முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். மூலிகை என்று விற்கும் எடை குறைப்பு மருந்துகள் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற ரசாயன மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டு, பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்ட மருந்து அது. எனக்குக் கொடுத்ததில் என்ன இருந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் அதுதான் என்று சொல்ல மாட்டேன். டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லை என்பது மட்டும் உறுதி.

நான்கே மாதத்தில் 87 கிலோ. மறுபடி மையத்துக்குப் போய்க் கேட்டபோது, “உங்களுக்கு மன உறுதி போதாது மேடம்” என்றார் அதே ஆலோசகர். பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் என்னைப் பல நாள் அழ வைத்தது. அது பொய். அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. தடாலடியாகக் குறைத்தால் உடம்பு இப்படித் தற்காத்துக்கொள்ளும். இதற்கு மன உறுதி என்ன செய்யும்?

இப்போது 14 மாதமாக வேறு வழியில் போகிறேன். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடை. சாப்பிடும்போது போன் வேறு அறையில். சின்னத் தட்டு, மறுசோறு வேண்டுமென்றால் பத்து நிமிடம் பொறுத்துத்தான். இரவு பத்தரைக்குப் படுக்கை. இந்தத் தூக்கம்தான் எனக்கு அதிகம் உதவியது என்று நினைக்கிறேன், அரைத்தூக்கம் தூங்கிய மறுநாள் பசி அடங்கவே அடங்காது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, ஒரே நேரத்தில் எடை. இவற்றை ஒரே நாளில் தொடங்கவில்லை. ஒன்று பழகிய பிறகே அடுத்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் 96 பேரைக் கவனித்தார்கள். புதுப் பழக்கம் ஒன்று யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. எனக்கு நடை பிடிபடவே மூன்று மாதம் ஆனது. இதுவரை 9 கிலோ குறைந்திருக்கிறது, திரும்பி ஏறவில்லை. மாதத்துக்கு ஒரு கிலோகூட வராது, ஆனால் முழங்கால் வலி போயே போய்விட்டது.

இப்படி ஒரு மையத்தில் சேரப் போகிறவர்கள் முதல் கேள்வியாக “திட்டம் முடிந்த மறுநாள் நான் என்ன சாப்பிடுவேன்?” என்று கேளுங்கள். பதில் இன்னொரு பேக்கேஜாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்து, படபடப்போ தூக்கமின்மையோ இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். டப்பாவைத் தூக்கி மட்டும் எறிந்துவிடாதீர்கள். கோபத்தில் நான் எறிந்துவிட்டேன். புகார் கொடுக்கப் போன இடத்தில் முதலில் கேட்டது அதைத்தான்.