கால் இஞ்ச் ஃபில்டர் ரெகுலேட்டர்: பெயின்ட் கன்னுக்குத் தாங்குமா?

பிளாஸ்டிக் கப், மேலே குமிழ், பக்கத்தில் ஒரு கேஜ். பல கம்ப்ரசர்களில் தொங்கும் கால் இஞ்ச் ஃபில்டர் ரெகுலேட்டர் இதுதான்: காற்றை வடிகட்டி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்; கால் இஞ்ச் என்பது அதன் குழாய் வாயின் அளவு. டயருக்குக் காற்றடிக்க நல்ல சாமான். பெயின்டிங்குக்கு வாங்குவதென்றால் யோசிக்க வேண்டும்.

முதல் குறை, காற்று பற்றாது. ஹெச்விஎல்பி கன்கள் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை விட்டு அடிக்கும் பெயின்ட் கன்கள்) பலவும் நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி வரை இழுக்கும். சும்மா இருக்கும்போது கேஜ் 40 பிஎஸ்ஐ காட்டும். ட்ரிகரை இழுத்ததும் முள் சரியும், பெயின்ட் சரியாகத் தூளாகாமல் ஆரஞ்சுத் தோல்போல உட்காரும். ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி, கீழிருந்து மேலே ஏற்றித்தான் அழுத்தம் வைக்க வேண்டும். அரை இஞ்ச் யூனிட்டில் இந்தச் சரிவு வெகுவாகக் குறையும். ஆனால் ஹோஸ் மெலிசாக இருந்தால் அதுவும் வீண்.

தண்ணீர் விஷயத்தில் பழி பெரும்பாலும் யூனிட் மேல் விழுகிறது. தப்பு அதை மாட்டிய இடத்தில். உள்ளே இருக்கும் 5 மைக்ரான் ஃபில்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கம்ப்ரசரிலேயே மாட்டினால் சூடான காற்று ஆவியோடு கடந்து, ஹோஸில் ஆறி நீராகி, கன் வழியே துப்பும். நடுவில் 7, 8 மீட்டர் உலோகக் குழாய் விட்டு, காற்று ஆறிய பிறகு மாட்டுங்கள். கிளைக் குழாயை மெயின் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்தால் அடியில் ஓடும் தண்ணீர் உள்ளே வராது. யூனிட்டில் உள்ள அம்புக்குறி கன் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஃபில்டரும் ரெகுலேட்டரும் சரியாக வேலை செய்யாது.

எண்ணெய்ப் புகைக்கு இந்த 5 மைக்ரான் போதவே போதாது. பெயின்டில் மீன்கண் மாதிரி குழி விழுந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் எண்ணெயும் ஒன்று. இதற்கு அடுத்து, நுண்ணிய எண்ணெய்த் துளிகளை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் 0.01 மைக்ரான் கோலெசிங் ஃபில்டர் ஒன்று வேண்டும். லூப்ரிகேட்டர் சேர்ந்த மூன்று கப் செட்டை பெயின்ட் லைனில் மாட்டவே கூடாது. அது வேண்டுமென்றே காற்றில் எண்ணெய் கலக்கும் சாதனம்.

கப் பாலிகார்பனேட். தின்னரால் துடைத்தால் மயிரிழை விரிசல் விடும், அழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும். சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். இரும்புக் கூண்டு இல்லாத மாடலைத் தொடாதீர்கள். உலோகக் கப் கிடைத்தால் அதுவே மேல்.

மாட்டி முடித்ததும் கன்னைக் கழற்றிவிட்டு, ஹோஸ் முனையிலிருந்து வெள்ளைத் தாளில் அரை நிமிடம் காற்றை அடித்துப் பாருங்கள். தாளில் ஈரமோ மஞ்சள் கறையோ தெரிந்தால் பெயின்டைக் கலக்க வேண்டாம்.