பனோரமா ஹெட்: நான்கு வருடம், இரண்டு எண்கள்

நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் தெரிவதையெல்லாம் பல படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டுவதுதான் 360 படம். நான் எடுத்த முதல் 360 படத்தில் ஒரு தேக்குத் தூணுக்கு இரண்டு இடுப்பு இருந்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வளவின், அதாவது உள்முற்றத்தின், நடுவில் ட்ரைபாடை நிறுத்தி, எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டான சாதாரண பால் ஹெட்டில் கேமராவைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டரில் ஒட்டியபோது தூரத்துக் கூரையெல்லாம் அழகாகச் சேர்ந்தது. பக்கத்துத் தூண் மட்டும் நடுவில் வெட்டி, அரை சாண் தள்ளி வைத்தது போல நின்றது. தரையில் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் இதழ் இதழாகப் பிய்ந்து கிடந்தன.

அதற்கு முந்தைய மாதம்தான் கொடைக்கானலில் கையில் பிடித்தே பத்துப் படம் எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல் ஒட்டியிருந்தேன். அந்தத் திமிர் எனக்கு. மலை தூரத்தில் இருக்கிறது, அதனால் மன்னித்துவிடுகிறது. இரண்டடியில் நிற்கும் தூண் மன்னிக்காது.

காரணம் எளிது. ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரின் மேல் விரல் நகர்வது தெரியும். கண் கழுத்தெலும்பின் மேல் இல்லை, முன்னால் இருக்கிறது. தலை திரும்பும்போது அது சின்னதாக ஒரு வட்டம் போடுகிறது. பால் ஹெட்டில் கேமராவும் இதையேதான் செய்கிறது: சுழல்வது அடியில் உள்ள திருகைச் சுற்றி, பார்ப்பதோ அதற்கு முன்னால் லென்ஸுக்குள் இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து. அந்தப் புள்ளியைப் பின்னுக்கு இழுத்துச் சுழலும் அச்சின் மேலேயே உட்கார வைப்பதுதான் பனோரமா ஹெட்டின் ஒரே வேலை. எல்லோரும் அதை நோடல் பாயிண்ட் என்கிறார்கள். ஒளியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சரியான பெயர் நுழைவுத் துளை. கடையில் போய் நோடல் என்றே கேளுங்கள், அப்போதுதான் புரியும்.

நான் வாங்கியது பெயர்பெற்ற நோடல் நிஞ்சா கம்பெனியின் ஹெட் இல்லை. ஆசை இருந்தது, விலையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். பெயர் சொல்லும் அளவுக்குப் பெயரில்லாத ஒரு ஹெட். கீழே ஒரு ரெயில், செங்குத்தாக ஒரு கை, அதில் மேல் ரெயில், அடியில் கிளிக் கிளிக்கென நிற்கும் சுழல் தட்டு. கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சென்சார் அளவின் பெயர்), லென்ஸ் சம்யாங் 8 மிமீ ஃபிஷ்ஐ, அதாவது மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ். இந்த நான்கு வருடத்தில் நாற்பதுக்கு மேல் வீடுகள், கல்யாண மண்டபங்கள், இரண்டு நகைக்கடைகள் இதில்தான் எடுத்திருக்கிறேன்.

பெட்டியில் வந்த தாளில் செட்டிங் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. முதலில் கீழ் ரெயில். கேமராவை நேர் கீழே பார்க்கத் திருப்பி, திரையின் நடுப்புள்ளி சுழல் தட்டின் நடுத்திருகு மேல் விழும்வரை நகர்த்த வேண்டும். பத்து நிமிட வேலை. மேல் ரெயில்தான் உயிரை வாங்கியது. கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக்குண்டை வாசல் நிலையில் கட்டித் தொங்கவிட்டேன். நூலுக்கும் லென்ஸுக்கும் இரண்டடி. நூலுக்குப் பின்னால், தெருக்கோடியில் ஒரு மின்கம்பம். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கி, நூலும் கம்பமும் ஒரே கோட்டில் தெரியும்படி நிறுத்திக்கொண்டு கேமராவை இடம் வலமாகத் திருப்பினேன். இடப்பக்கம் திருப்பும்போது நூல் கம்பத்தை விட்டு வலப்பக்கம் விலகினால் கேமரா அதிகம் முன்னால் நிற்கிறது, பின்னுக்கு இழுக்க வேண்டும். இடப்பக்கமே விலகினால் முன்னுக்குத் தள்ள வேண்டும். இந்த ஒரு விதி தெரியாமல் குருட்டுத்தனமாக நகர்த்தியே மூன்று மணி நேரம் போக்கினேன்.

ஃபிஷ்ஐயில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதன் நுழைவுத் துளை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒளி எந்தக் கோணத்தில் வருகிறதோ அதற்கேற்ப நகர்கிறது. ஆகவே நூலை நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்பதில் பயனில்லை. நான் 60 பாகைக்கு ஒரு படம் எடுக்கிறேன், அடுத்தடுத்த படங்கள் ஒட்டும் இடம் நடுவிலிருந்து 30 பாகை தள்ளி. நூல் அந்த இடத்தில் தெரியும்போது விலகாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் தூணின் இரண்டாவது இடுப்பு ஒழிந்தது.

என் ரெயிலில் கீழே 47, மேலே 83. உங்கள் கேமராவுக்கு இந்த எண்கள் ஒத்துவராது, அதனால் காப்பியடிக்காதீர்கள். கிடைத்த எண்ணை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள். நான் வீட்டம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ரெயிலிலேயே கோடு போட்டேன். ரெயிலில் அச்சடித்த அளவுகோல் இரண்டாம் வருடமே கைபட்டுத் தேய்ந்து மறைந்துவிட்டது. நெயில் பாலிஷ் இன்னும் இருக்கிறது. ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். அரை மில்லிமீட்டர் ஜூம் நகர்ந்தாலும் புள்ளி இடம் மாறும். எட்டு மிமீயில் எனக்கு அந்தக் கவலை குறைவு. லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து அரை மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ் எல்லாம் மேனுவல்.

சுற்றி ஆறு, மேலே ஒன்று, கீழே ஒன்று. வளவில் வெயில் கொளுத்தும், பட்டாலைக் கூடத்துக்குள் இருட்டாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு நிலையிலும் மூன்று வெளிச்ச அளவு, மொத்தம் 24 படம். கிளிக் தட்டு இல்லாமல் இதை நினைத்தே பார்க்க முடியாது. தட்டு நிற்கிற சத்தத்தை வைத்தே எடுக்கலாம், எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நேரம் தின்பதெல்லாம் வேறு: மின்விசிறியை நிறுத்துவது, ஊஞ்சல் ஆடி அடங்கும்வரை காத்திருப்பது, வீட்டுப் பிள்ளைகளைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்துவது. 360இல் பின்னால் என்று ஒரு இடமே இல்லை என்பதை அவர்களுக்குப் புரிய வைக்க முடிவதில்லை.

ரசமட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். முழுக்கோளம் எடுக்கும்போது அது துல்லியமாக இருக்க வேண்டும் என்று பலர் மிரட்டுவார்கள். அவ்வளவு இல்லை. படங்களை ஒட்டும் மென்பொருள், ஹஜினோ பிடிகுயியோ, தூண்களின் செங்குத்துக் கோடுகளைக் காட்டினால் நிமிர்த்திவிடும். ஒற்றை வரிசைப் பனோரமாவில்தான் மட்டம் தவறினால் தொடுவானம் சாய்ந்து, வெட்டியதுபோக மிச்சம் பட்டையாக நிற்கும். கோளத்தில் உண்மையான எதிரி தொய்வு. ஆரம்பத்தில் பனோரமா ஹெட்டைப் பால் ஹெட்டின் மேல் மாட்டியிருந்தேன். பாரம் ஒரு பக்கம் தொங்கி, ஆறாவது படத்துக்குள் பால் நூலளவு இறங்கிவிடும். ஆறும் ஒன்றும் சேராது. பால் ஹெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மட்டம் சரிசெய்ய மட்டும் உதவும் லெவலிங் பேஸ் வாங்கினேன். ஹெட்டைத் தேர்ந்தெடுக்க நான் செலவிட்ட கவலையில் பாதியை ட்ரைபாட் கால்கள் மேல் செலவிட்டிருக்கலாம்.

கீழே எடுக்கும் படம்தான் எனக்குப் பிடித்ததும் பயமானதும். ட்ரைபாடை நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தைக் கையில் பிடித்து எடுக்க வேண்டும். அப்போது புள்ளி நிச்சயம் தவறும். தரை தட்டையாக இருப்பதால் பிடிகுயியின் வியூபாயிண்ட் திருத்தம் (வேறு இடத்திலிருந்து பார்த்ததைச் சரிசெய்யும் வசதி) அதைச் சரிக்கட்டிவிடுகிறது. வெறும் சிமெண்ட் தரையில் தப்பு செய்தாலும் யாருக்கும் தெரியாது. கண்ணாடி மேல் கையால் வார்த்த ஆத்தங்குடிக் கல்லில் ஒவ்வொரு பூவும் அடுத்த கல்லின் பூவோடு கோடு சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் காட்டிக்கொடுக்கும். நான் குனிந்து கல் கல்லாகப் பார்ப்பதைக் கண்டு ஓர் ஆச்சி, "என்னப்பா தேடுறே, காதுக் கம்மல் விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

தேய்மானம்? கிளிக் தட்டின் ஸ்பிரிங் மூன்றாம் வருடம் தளர்ந்தது. பழைய "டக்" இல்லை, இப்போது "சொத்". கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் பாதி திரும்பியது. செங்குத்துக் கையைப் பிடிக்கும் ஆலன் திருகு மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும். ஒருமுறை இறுக்க மறந்து, ஒரு மண்டபத்தின் பதினான்கு அறைகளையும் மறுபடி எடுத்தேன். சித்திரை வெயிலில் கறுப்பு உலோகம் கையைச் சுடும், கைக்குட்டை வேண்டும். தொல்லியல் துறையின் இடங்களில் ட்ரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாசலில் போய்க் கெஞ்சுவதில் பயனில்லை.

ஒரே கிளிக்கில் வேலை முடிக்கும் 360 கேமரா வாங்கலாமே என்று கேட்பார்கள். நண்பரின் ரிக்கோ தீட்டா இசட்1ஐ ஒரு வாரம் வைத்திருந்தேன். படம் 6720 பிக்சல் அகலம். என்னுடையது சுமார் 12,000 வரும். வாடகை வீடு காட்ட அது தாராளமாகப் போதும். ஆனால் அதிலும் இரண்டு லென்ஸ்கள் முதுகோடு முதுகாக, இடைவெளி விட்டு நிற்கின்றன. அரையடியில் தூண் இருந்தால் ஒட்டுக்கோடு அங்கேயும் திணறுகிறது, அதைத் திருத்த அந்தக் கேமராவில் ரெயிலும் இல்லை. அவசர வேலைக்கு அவரிடமே இரவல் வாங்கிக்கொள்கிறேன். செட்டிநாட்டுப் பக்கம் போகும்போது பழைய ஹெட்தான். ஆலன் சாவி இப்போது ட்ரைபாட் காலிலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறது.